தானாக விலகட்டும்

நான் அக்கா தங்கைகளோடு வளர்ந்தவள். ஆண் குழந்தையைக் குளிப்பாட்டியதே என் மகன் பிறந்த பிறகுதான். ஒரு வயது நெருங்கும்போது, சிறுநீர் கழிக்கையில் அவன் குறியின் நுனித்தோல் சின்ன பலூன் போல உப்பியதைப் பார்த்துப் பயந்துபோனேன். சேக்காட்டில் எங்கள் தெருமுனைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் தோலைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். குழந்தை வீறிட்டான்.

"தோல் இறுக்கமா இருக்கும்மா. இப்பவே சுன்னத் பண்ணிடலாம். இந்த வயசுல வலி தெரியாது."

"தடுப்பூசிக்கே தெருவைக் கூட்டுறானே டாக்டர், இது மட்டும் எப்படி வலிக்காது?"

"பின்னாடி ஞாபகம் இருக்காதுன்னு சொல்றேன்."

ஞாபகம் இல்லாவிட்டால் வலிக்கவே இல்லை என்று ஆகிவிடுமா? வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன்.

"உங்களுக்குத் தோல் எப்ப விலகுச்சு?"

"யாருக்குத் தெரியும்? அதையெல்லாம் யாரு பாத்தா?" என்றார். தன் உடம்பைப் பற்றி அவருக்கும் என்னளவுதான் தெரிந்திருந்தது.

கீழ்வீட்டு அக்கா பூந்தமல்லியில் பிறந்த முஸ்லிம் பெண்மணி. அவருடைய பையன்களுக்குச் சுன்னத் ஆகியிருந்தது. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

"எங்களுக்கு அது மார்க்கம்மா, செய்றோம். உன் புள்ளைக்கு இன்னாத்துக்கு? ஒண்ணுக்குப் போம்போது அழுவுதா?"

"இல்லக்கா. அதைப் பாத்து நான்தான் அழுதேன்."

"அப்ப இன்னொரு டாக்டராண்ட காட்டு. இன்னா அவசரம்?"

கரையான்சாவடியில் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை டாக்டரம்மா ஒருவரைப் பார்த்தோம். அவர் தோலை இழுக்கவே இல்லை.

"நகத்தடியில சதை ஒட்டியிருக்கிற மாதிரி, பசங்களுக்குப் பிறக்கும்போது தோல் உள்ளே ஒட்டித்தான் இருக்கும். மெதுவா தானா விலகும். அப்போ இப்படி உப்புறது சகஜம். சிலருக்குச் சீக்கிரம் விலகும், சிலருக்குப் பத்து வயசுகூடத் தாண்டும்."

"உள்ளே அழுக்கு சேராதா?"

"வெளியே தண்ணி ஊத்திக் கழுவினா போதும். இழுத்தா கிழியும். தழும்பு விழுந்தா அப்பதான் நிஜமான இறுக்கம் வரும்."

"வெள்ளையா ஏதோ தெரியுதே?"

"உதிர்ந்த தோல். சீழ் இல்லை. சிவந்து வீங்கினா, ஒண்ணுக்கு முக்கி முக்கிப் போனா கூட்டிட்டு வாங்க."

"அப்போ சுன்னத் யாருக்குமே தேவைப்படாதா?"

"சில பேருக்குத் தேவைப்படும். அவங்களுக்கும் முதல்ல களிம்பு போட்டுத்தான் பாப்போம்."

என் கணவர் பக்கத்து நாற்காலியில் பாடம் கேட்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், "இத்தனை நாள் இது தெரியாமலே இருந்திருக்கேன்" என்றார்.

பிறகு நான் வேலைக்குத் திரும்பி அவனைக் காப்பகத்தில் விட்டபோது, அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, "குளிப்பாட்டும்போது எண்ணெய் போட்டு இழுத்து உடணும்" என்றார். அக்கறையில் சொன்னதுதான். "வேண்டாம்மா, யாரும் இழுக்கக் கூடாது" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் முகம் சுண்டியது. ஆனாலும் சொன்னபடியே செய்தார்.

இப்போது அவனுக்கு ஆறு வயது. உப்புவது எப்போதோ நின்றுவிட்டது; ஒரு நோவும் வரவில்லை. நோயில்லாத இடத்தில் கத்தி எதற்கு என்பதுதான் அன்றும் இன்றும் என் கேள்வி. வளர்ந்த பிறகு வேண்டுமென்று தோன்றினால் அவனே முடிவு செய்துகொள்ளட்டும், அது அவன் உடம்பு. அப்பா சொல்லிக்கொடுத்தபடி தானே கழுவிக்கொள்கிறான். நான் துண்டோடு போய் நின்றால், "அம்மா, வெளிய இரு" என்று குளியலறைக் கதவைச் சாத்துகிறான்.