அப்பாவுக்கு நான் பிடித்துக் கொடுத்த ஆள்

பாரிசவாதத்தில் அப்பாவின் வலப்பக்கம் வழங்காமல் போனதும், குளிப்பாட்டக் கனடா அரசாங்கமே ஆள் தரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆளை அவரே தெரிவு செய்யலாமாம். அவருக்கு என்ன தெரியும் என்று நானே இறங்கினேன். தொண்ணூறுகளில் இந்த வேலைக்குத் தமிழ் பேசும் ஆள் கிடைப்பது லேசில்லை. ஒரு மாதம் ஸ்காபரோ முழுக்க விசாரித்து ஒரு அண்ணையைப் பிடித்தேன். எனக்கு ஒரே பெருமை.

வந்தவர் குளிர்கோட்டைக் கழற்றுமுன்னே, "ஐயா ஊரில எவடம்?" என்று கேட்டார். ஐந்தே நிமிடத்தில் சித்தியின் மச்சாளுக்கு அவர் சொந்தம் என்று தெரிந்துவிட்டது. இருவரும் சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். குளிக்க மட்டும் அப்பா எழும்பவில்லை.

"இண்டைக்குத் தடிமன், மூக்கால ஓடுது," என்றார்.

நாலு நாளும் தடிமன். ஐந்தாம் நாள் அண்ணை போனதும் வெடித்தேன்.

"உங்களுக்கு என்னதான் வேணும் அப்பா?"

"உவர் நல்ல மனிசன் பிள்ளை. ஆனா நான் உடுப்பில்லாமல் நிக்கிற கோலம் அடுத்த கலியாண வீட்டுப் பந்திக்குப் போயிடும். தமிழ் தெரியாத ஆளாப் பார்."

பிறகு ஜமேக்காக்காரர் ஒருவர் வந்தார். அப்பா தமிழில் ஏசுவார், அவர் ஆங்கிலத்தில் பாடுவார், குளிப்பு ஒழுங்காக நடந்தது.

ஸ்காபரோவில் எத்தனையோ பேரைக் கேட்டிருந்தேன். பக்கத்து அறையில் இருந்தவரைத்தான் கேட்கவில்லை.