துவக்கை ஒப்படைக்கப் போன காலை

எங்கள் வீட்டில் லைசென்ஸ் எடுத்த ஒரு ஒற்றைக்குழல் வேட்டைத் துவக்கு இருந்தது. குளத்து நீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து மாங்குளத்துப் பக்கம் வந்து குடியேறியவர்கள் நாங்கள். கதிர் பால்பிடிக்கும் காலத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் விடியும்போது வயல் உழுத நிலம்போல் கிடக்கும். அதற்காகத்தான் என் கணவர் அதை வைத்திருந்தார்.

எண்பதுகளின் நடுவில், லைசென்ஸ் உள்ள துவக்குகளையும் பொலிசில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆயுதம் வேறு கைகளுக்குப் போய்விடக் கூடாதாம். ஊர்ப் பொறுப்பதிகாரியான விதானையார் சைக்கிளில் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"பண்டிக்கு ஆர் உத்தரவு போடுறது?" என்று கேட்ட என் கணவர், துவக்கை எண்ணெய் போட்டுத் துடைத்து அலுமாரிக்குப் பின்னால் வைத்தார்.

எங்களுடன் வயல் வேலை செய்த பெண் ஒருத்திக்கு மட்டும் அந்த உத்தரவு பிடித்திருந்தது. அவள் எழுபத்தேழு இனக்கலவரத்தில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவள். இங்கே உயிர் தப்பிவிட்டோம் என்று நினைத்திருந்தபோது அவளுடைய புருசன் விறகு பொறுக்கப் போனான். பன்றிக்கென்று யாரோ வேலியோரம் கட்டிவைத்திருந்த கட்டுத்துவக்கின் கயிற்றில் கால் தட்டியது. தொடையில் வெடி பட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செத்துப்போனான். கட்டினவன் யாரென்று யாரும் சொல்லவில்லை.

"குடுத்துருங்கக்கா. சட்டம் யாரு போட்டா என்னா? அது ஊட்ட விட்டுப் போகட்டும்" என்றாள்.

ஒரு பின்னேரம் ஆயுதம் தூக்கியிருந்த இயக்கப் பொடியள் இரண்டு பேர் வந்தார்கள். "அண்ணை, உங்களிட்டத் துவக்கு இருக்கெண்டு தெரியும். நாளைக்கு வந்து எடுக்கிறம். பொலிசில குடுத்திடாதேங்கோ." மரியாதையாகத்தான் சொன்னார்கள். 

அவர்கள் போனபின் கணவர் கதிரையில் இருந்தபடி நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடியக் கொண்டுபோய்க் குடுப்பம்" என்றேன்.

"உமக்கென்ன விசரே? துவக்கோட றோட்டில ஆமி கண்டால் கேள்வி கேக்க மாட்டான், சுடுவான்."

"இவங்கள் கொண்டுபோய் ஆரையாவது சுட்டால்? லைசென்ஸில இருக்கிறது உங்கட பேரெல்லோ?"

 காலையில் அவர் குழலையும் கட்டையையும் தனித்தனியாகக் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டினார். நாங்கள் புறப்படும்போது, வேலைக்கு வந்த அந்தப் பெண்ணும் எங்களுடன் சேர்ந்தாள். "எனக்குச் சிங்களம் வரும்" என்று மட்டும் சொன்னாள். மூவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம்.

பெரிய றோட்டில் ஏறிச் சிறிது தூரம் போவதற்குள் ஆமி ட்ரக் வந்து எங்களை மறித்து நின்றது. சாக்கைக் கண்டதும் நாலைந்து பேர் குதித்தார்கள். என் கணவரை முழங்காலில் இருத்தி, பிடரியில் துவக்கை வைத்தார்கள். ஒருவன் என்னிடம் சாக்கை அவிழ்க்கச் சொல்லிச் சைகை காட்டினான்.  முடிச்சு அவிழவில்லை. இழுக்க இழுக்க இறுகியது. அவசரப்பட்டு இழுத்தாலும் சுடுவான், தாமதித்தாலும் சுடுவான் என்று தோன்றியது.

அப்போதுதான் அவள் சிங்களத்தில் பேசத் தொடங்கினாள். உரத்துப் பேசவில்லை. கைகளை விரித்துக் காட்டியபடி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அதிகாரி ஏதோ கேட்டான். அவள் தன் தொடையைத் தொட்டுக் காட்டினாள். அவன் என் கணவரிடமிருந்து லைசென்ஸை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு கையை அசைத்து, போகச் சொன்னான்.

பொலிஸ் நிலையம் வரை அந்த ட்ரக் எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே ஒரு மூலையில் விறகு அடுக்கியதுபோல் ஏற்கெனவே பல துவக்குகள் கிடந்தன. எங்களுடையதையும் அதன்மேல் வைத்தார்கள்.

வரும் வழியில், "என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

"எம் புருசன் துவக்கு வெடிச்சுத்தான் செத்தாரு, அதனாலதான் இத ஒப்படைக்கப் போறோம்னேன். ஆமி சுட்டானான்னு கேட்டான். இல்ல, பன்னிக்குக் கட்டுனதுன்னேன்."

அன்று பின்னேரம் பொடியள் வந்தார்கள்.

"சொன்னனாங்களெல்லோ அண்ணை?"

கணவர் வாய் திறக்குமுன் நான் முன்னால் போனேன். "நான்தான் குடுக்கச் சொன்னனான். அவரைக் கேளாதேங்கோ."

ஒருவன் என்னை நெடுநேரம் பார்த்தான். "நீங்கள் செய்தது பிழை அக்கா" என்றான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அதன்பின் பல நாட்கள், ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டால் கணவர் சாப்பாட்டை விட்டு எழும்பிவிடுவார்.

அந்தப் போகத்தில் தகரம் தட்டித் தட்டிக் கை சோர்ந்தோம். பாதி வயலைப் பன்றி தின்றது. சட்டம் எங்களைப்போலப் பெயர் பதிந்து வைத்திருந்தவர்களிடம்தான் துவக்கை எடுத்தது. பெயரில்லாத துவக்குகள் றோட்டில் கூடிக்கொண்டே போயின. எங்களுடையது பிறகு யார் கையில் இருந்தது, யாரைக் குறிபார்த்தது என்று எனக்குத் தெரியாது. என் வீட்டிலிருந்து அது வெடிக்கவில்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.