நடு சீட் யாருக்கு?

"கொஞ்சம் சிரிங்க பாக்கலாம்."

டிக்கெட் கேட்டவர் திருதிருவென்று விழிக்கிறார். கவுண்டரின் அரைவட்டத் துளைக்குப் பின்னாலிருந்து அதே குரல்: "பல்லைக் காட்டச் சொல்லலை சார், சத்தம் வேணும்." வேறு வழியின்றி அவர் ஹிஹி என்கிறார். "இது ஓரத்துச் சிரிப்பு. எட்டாவது வரிசை, கடைசி சீட். அடுத்தவங்க வாங்க!"

எங்கள் நாடக அரங்கில் இருபத்திரண்டு வருடமாக டிக்கெட் கொடுப்பவளுக்கு முன்னூறு இருக்கைகளும் மனப்பாடம். நாடகத்தைத்தான் ஒரு நாளும் பார்த்ததில்லை. திரை தூக்கிய பிறகும் கவுண்டரில் டெலிபோன் அடித்துக்கொண்டேயிருக்கும். அவளுக்கு வாய்த்ததெல்லாம் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவர் வழியாக வரும் சிரிப்பு. அந்தச் சிரிப்பாவது நன்றாக வரட்டுமென்று, சிரிக்கத் தெரிந்தவர்களை அரங்கெங்கும் பிரித்துப் பிரித்து உட்கார வைப்பாள். "சிரிக்கிறவங்களை ஒரே இடத்துல போட்டா அங்கேயே எரிஞ்சு அடங்கிடும்மா. தள்ளித் தள்ளிப் போட்டாத்தான் பத்திக்கும்."

பல் டாக்டர் ஒருவர் வருவார். அவர் சிரித்தால் கூரையிலிருக்கும் புறாக்கள் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோய்விடும். ஒரு முறை முன் வரிசைக்காரரின் பல்செட் தானாகக் கழன்று விழுந்து, கூடச் சேர்ந்து சிரித்ததை நானே பார்த்தேன். நம்பாதவர்கள் நம்பாமலிருக்கலாம். அவருக்கு எப்போதும் மூன்றாவது வரிசை. அழுமூஞ்சிகளுக்கு வாசலோரம், இருமல்காரர்களுக்குத் தூண் மறைவு. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் முதல் தடவையாகத் தனியே வந்தபோது என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை. எதுவும் கேட்காமல் பல் டாக்டருக்குப் பின் சீட்டைக் கொடுத்தாள். மூன்று மாதம் கழித்து அன்றுதான் சிரித்தேன். அந்த டிக்கெட்டின் பாதி இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

போன ஞாயிறு மதியம் நான் போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது. அடித்தால் முதல் காட்சி முடியும்வரை கதவு திறக்காது. "உள்ள வந்து உக்காருங்கம்மா" என்று கவுண்டருக்குள்ளேயே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அன்று நடிப்பவர் அவளுடைய தம்பி. நகைச்சுவை நடிகர், பக்கவாதம் வந்து எட்டு மாதம் படுத்திருந்தவர். இப்போதுதான் நாக்கு சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. இன்று தடுமாறினால் அடுத்த வாரம் அந்த வேஷம் வேறொருவருக்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

"உள்ளே எத்தனை பேர்?"

"நாப்பத்தி மூணு. முன்னூறு சீட்டுக்கு நாப்பத்தி மூணு! கடுகு இறைச்ச மாதிரி உக்காந்திருக்காங்க. பல் டாக்டர் இருக்காரு. அஞ்சாவது வரிசை, நட்ட நடுவுல நம்ம ஊர் ஸ்கூல் தலைமையாசிரியை."

"அவங்களா? அவங்க சிரிச்சு நீ எங்க பாத்தே?"

"டிக்கெட் வாங்கறப்போ கைக்குட்டைக்குள்ள களுக்குனு ஒரு சத்தம் கேட்டுது. அடக்கிச் சிரிக்கிறவங்கதாம்மா வெடிப்பாங்க. எனக்குத் தெரியாததா?"

இருவரும் சுவரில் காதை வைத்தோம். தம்பியின் குரல் மங்கலாக வந்தது. ஒரு வரி, இரண்டு வரி. நாலாவது வரியில் நின்றுவிட்டது. அதன்பின் ஒரு தும்மல்கூட இல்லை. அவள் உதடு அந்த வசனத்தை முணுமுணுத்தது. வீட்டில் தினமும் கேட்டு அவளுக்கே பாடமாகியிருந்தது. "சொல்லுடா... சொல்லிடுடா ராஜா..." என்று சுவரைத் தடவினாள்.

திடீரென்று உள்ளே ஏதோ வெடித்தது. முதலில் பல் டாக்டர், பிறகு அரங்கம் முழுதும். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது என்றால் அளக்கிறேன் என்பீர்கள். விழுந்தது.

டார்ச் லைட்டோடு கதவருகே நிற்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். "அக்கா, தலைமையாசிரியைக்கு விக்கல்! வரும்போதே இருந்துதாம். உங்க தம்பி வசனம் மறந்து முழிச்சிக்கிட்டு நிக்கிறாரு, அந்த நேரம் பாத்து 'ஹிக்'னு ஒண்ணு. இவரு மெதுவாத் திரும்பி, 'குடுத்து வெச்சவங்கம்மா நீங்க. உங்களை யாரோ நினைக்கிறாங்க. எனக்கு என் வசனமே நினைப்புக்கு வர மாட்டேங்குது'ன்னாரு. அவ்வளவுதான்! இப்ப வசனம் தன்னால வந்து கொட்டுது."

"விக்கலா? அப்ப கைக்குட்டைக்குள்ள கேட்டது சிரிப்பில்லையா?" என்றாள்.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் காது ஏமாந்தது அதுதான் முதல் தடவை. சுவருக்கு அப்பால் மறுபடியும் ஓர் அலை எழுந்து அடங்கியது.

"பாவம், இன்னும் நிக்கலைக்கா. தண்ணி குடுங்க, கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

பாட்டிலை எடுத்தாள். நீட்டப் போனவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"இடைவேளை வரைக்கும் பொறு."

பிறகு ஐந்தாம் வரிசையின் நடு சீட் இருக்கும் திசைக்குத் திரும்பி, பாட்டிலை விடாமலே இரு கைகளையும் கூப்பினாள்.