சொந்தக்காரியாம்

துளசிங்கம் கெட்ட மனிதர் இல்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன நாளில் மட்டும் அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

கேளம்பாக்கத்தில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷமாகப் புகார் பிரிவில் இருக்கிறார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் போனில் கத்துவார்கள், இவர் சமாதானப்படுத்துவார். அதில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் டீம் லீடர் பதவி வந்தபோது, சேர்ந்து மூன்றே வருஷமான ஸ்நேகாவைத் தூக்கி அதில் உட்கார வைத்துவிட்டார்கள். "கஸ்டமர் மீட்டிங்ல இங்கிலீஷ்ல பேசணும் சார். நீங்க திணறுவீங்க," என்றார் மேனேஜர். முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அன்று டீக்கடையில் சக ஊழியன் தீனாவிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணு எம்.டி.க்குச் சொந்தக்காரியாம்ப்பா."

அவரிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு 'ஆம்' ஒட்டிவிட்டால் போதும், நம் தமிழில் சொந்தப் பொய்கூடக் கேள்விப்பட்ட செய்தியாகிவிடும். ஒரே வாரத்தில் அந்த 'சொந்தக்காரியாம்' ஆபீஸ் முழுக்கச் சுற்றிவிட்டு, புத்தம் புதுச் செய்தியாக அவர் காதுக்கே திரும்பி வந்தது. "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

எரிச்சலையே எத்தனை நாள் கட்டிக்கொண்டு அழுவது? மேற்குத் தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், ஞாயிறு காலையில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடப்பதாக நோட்டீஸ் பார்த்தார். நாற்பத்தெட்டு வயதில் இங்கிலீஷ் கற்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்ல நாக்கு எழவில்லை. மனைவி காமுவிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறினார்.

அங்கே ஒரு வழக்கம். பேசுகிறவர் வாயில் தமிழ் வார்த்தை வந்துவிட்டால், முன்வரிசையில் ஒருவர் மேஜை மணியைத் தட்டுவார். அன்று மணியோடு உட்கார்ந்திருந்தவள் ஸ்நேகா. பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது துளசிங்கத்துக்கு.

அதற்குள் அவளே எழுந்து வந்துவிட்டாள். "சார், நீங்களா? நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து இங்க வரேன். முதல் நாள் எனக்கு இருபத்தேழு தடவை மணி அடிச்சாங்க. பாத்ரூம்ல போய் அழுதேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆபீஸ்ல நான் எம்.டி. சொந்தம்னு பேசிக்கறாங்க. எங்கப்பா பெருங்களத்தூர்ல ஆட்டோ ஓட்டறார் சார். நீங்க அதை நம்பலை இல்ல?"

"சேச்சே," என்றார். அது மட்டும் சத்தியமான உண்மை. அவருக்கு மேல் அதை நம்பாதவர் யார்?

புதிதாக வருகிறவர்கள் தங்கள் ஆபீஸைப் பற்றி இரண்டு நிமிஷம் பேச வேண்டும். துளசிங்கம் எழுந்து நின்றார். பெயர் சொன்னார், லிஃப்ட் என்றார், கம்ப்ளெய்ன்ட் என்றார். தடுமாறியபோதெல்லாம் ஸ்நேகா, 'அப்படித்தான், சொல்லுங்க' என்பதுபோலத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை அவரால் தாங்க முடியவில்லை. மானம் போனால் போகட்டும், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். 'சொந்தக்காரியாம்' என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

"தே ஆர் சேயிங்..." என்று ஆரம்பித்தார். நின்றுவிட்டார். யார் அந்த 'தே'?

"யாரும் சொல்லலை," என்றார். "நான்தான் சொன்னேன். டீக்கடையில, உங்களைப் பத்தி அப்படிச் சொன்னது நான்தாம்மா. வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன்."

அத்தனையும் தமிழ். ஸ்நேகாவின் விரல் மணி மேலேயே இருந்தது, தட்டவில்லை. ஒரு தடவையாவது தட்டிவிட்டால் தேவலை என்று துளசிங்கம் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.