யோகேஸ்வரி போடும் மார்க்

2024 மார்ச் 9: 60 ரிங்கிட்.
2024 ஜூன் 15: 60 ரிங்கிட்.
2024 செப்டம்பர் 21: 60 ரிங்கிட்.

மலேசியாவின் லூனாஸில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் யோகேஸ்வரி, ஒரு மருத்துவக் கல்லூரியில் நோயாளியாக நடித்துப் பெற்ற கூலி இது. மாணவர்கள் நோயாளியிடம் பேசிப் பழகத் தொடங்கப்பட்ட புதிய வகுப்பு அது. அவளுக்கு வேடம், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாத சர்க்கரை நோயாளி.

"மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று மாணவர்கள் கேட்டார்கள்.

"ஆமா டாக்டர்."

டாக்டரிடம் இல்லை என்று சொல்லி அவள் குடியிருக்கும் ரப்பர் தோட்டத்தில் யாருக்கும் பழக்கமில்லை. மாணவர்கள் நம்பி எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது வகுப்பில் வந்த மாணவி சாஃபியா மட்டும் பேனாவை மூடிவைத்தாள்.

"நைட் ஷிஃப்ட்ல எப்பக்கா சாப்பிடுவீங்க?"

"விடிஞ்சாதான் சோறே. அப்புறம் எங்க மாத்திரை!"

சொல்லிவிட்டு யோகேஸ்வரி வேடத்தை மறந்து கைதட்டினாள். விரிவுரையாளர் சிவநேசனிடம், "சார், இந்தப் பொண்ணுக்கு நான் ஃபுல் மார்க் போடுறேன்லா!" என்றாள்.

"உங்க மார்க் பரீட்சையில சேராதேக்கா."

"அப்ப சேருங்க சார்! நாளைக்கு இவங்க போடுற ஊசி எங்களுக்குத்தானே?"

அறையே சிரித்தது. அவள் சொன்னதைச் சிவநேசன் அன்றே கல்லூரி நிர்வாகத்துக்கு எழுதினார். பரிசீலிப்பதாக அவளுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. நோயாளி போடும் மதிப்பெண்ணும் இறுதித் தேர்வில் சேரும் என்று சொன்ன மூன்றாவது கடிதம் வந்த நாள், 2025 பிப்ரவரி 3.