முள் வெட்டிய வழி

ராமநாதபுரம் பக்கம் எரிவாயுக் குழாய்களின் தடிமனை அளப்பது என் வேலை. வாயுவோடு வரும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து, இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். ஓட்டம் மோதித் திரும்பும் வளைவுகளில் அரிப்பு இன்னும் வேகம். வெளியே பெயின்ட் புதிதாகவே இருக்கும். இதெல்லாம் தெரிந்தவன்தான் நான்.

திருப்புல்லாணிக்கு அருகே, ஒரு மிளகாய்க் கொல்லை ஓரத்தில் இருந்த வளைவைச் சீமைக் கருவேலம் மூடியிருந்தது. கொல்லைக்காரர் முத்துராமு, "நாளைக்கு வாங்க சார், வெட்டி வழி பண்ணி வச்சுர்றேன்" என்றார். தலையாட்டினேன். ஆனால், அந்த வெயிலில் மறுபடி வர மனமில்லை. நேர்க் குழாயில் எடுத்த அளவையே வளைவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் அந்த வளைவு வெடித்தது. பக்கத்தில் மிளகாய் பறித்துக்கொண்டிருந்த முத்துராமுவின் மனைவி அங்கேயே இறந்துபோனார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். உடைந்த குழாயின் விளிம்பு காகிதம்போல் மெலிந்திருந்தது. வரப்பிலிருந்து வளைவு வரைக்கும், ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு முள் வெட்டப்பட்டிருந்தது.

முத்துராமு என்னைத் திட்டவில்லை.

"மறுநாளே வெட்டிப்புட்டோமே சார். உங்க கால்ல முள்ளு தைச்சுருமேன்னு அவ கூட்டி வேற விட்டா. நீங்கதான் வரவேயில்ல."

செய்ததை மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். வேலை போனது. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எனக்காக அந்த அம்மா கூட்டி வைத்த வழியில், அவர் போன பிறகுதானே நான் நடந்தேன்.