காது குறைந்தவருக்கே முதல் நாற்காலி

திருச்சுழி பஸ்ஸில் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். கைப்பேசியில் சோலையப்பன் அண்ணாச்சியின் பெயர் வந்தது. "சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். பேசியது அவருடைய மகள். "மாமா, அப்பா தவறிட்டாக." நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாராம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறினேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாளையம்பட்டியில் ஹோம் தியேட்டர் கடை வைத்திருந்தார். அதற்கு முன் கல்யாண வீடுகளுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். பக்கத்து ஊருக்குப் பாட்டுக் கேட்காவிட்டால் கல்யாண வீட்டார் கோபித்துக்கொள்ளும் ஊர்கள் இவை. அந்தப் பழக்கதோஷத்தில், முதன்முதலாகப் பாலவனத்தத்தில் ஹோம் தியேட்டர் மாட்டியபோது, பார்ப்பவர்களின் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு ஸ்பீக்கரையும் ஜன்னலில் வைத்துத் தெருவைப் பார்த்துத் திருப்பிவிட்டார்! "தெருவே கேட்டுச்சு சார். வீட்டுக்காரவுக வாசல்ல வந்து நின்னு கேட்டாக" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

என் மனைவி செல்விக்கு ஒரு காய்ச்சலில் இடது காது போயிற்று. அதன்பிறகு நான் படம் பார்க்க உட்கார்ந்தால் அவள் எழுந்துவிடுவாள். "எனக்கு ஒன்னும் வெளங்கலை, நீங்க பாருங்க" என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அந்தக் காலி நாற்காலியை என்னால் பார்க்க முடியவில்லை. பெரிய பெரிய ஸ்பீக்கராக ஏழு மாட்டி வீட்டை அதிரவைத்தால் திரும்பி வருவாள் என்று நினைத்து அண்ணாச்சியை அழைத்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "வீட்டுல யாருக்குக் காது கம்மி?" எந்த வீட்டுக்குப் போனாலும் அவருடைய முதல் கேள்வி அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. சுருக்கென்றது.

"எனக்குத்தாண்ணே" என்றாள் செல்வி.

"அப்ப நீங்கதான் சொல்லணும் தாயி. சார் சும்மா இருக்கட்டும்."

என் ஏழு ஸ்பீக்கர் ஆசையைச் சொன்னேன். "கத்துனா காது வந்துருமா சார்?" என்று ஒரே போடாகப் போட்டார். சிறிய ஸ்பீக்கர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இங்கிட்டா? இன்னுங் கொஞ்சம் அங்கிட்டா?" எங்கே தெளிவாகக் கேட்டது, எங்கே காதைக் குத்தியது என்று அவள் சொல்லச் சொல்லச் சுவரில் குறித்தார். பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னது இரண்டு போதும் என்றார். தலைக்கு மேலே இரண்டு. அவற்றை மாட்டுவதற்கு முன், ஸ்டூலில் ஏறி ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்வி தலையாட்டும்வரை இறக்கவில்லை.

எல்லாம் மாட்டி முடித்ததும், எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் மழைச் சத்தத்தை ஓடவிட்டார். நான் அண்ணாந்து பார்த்தேன். செல்வியோ, "ஐயையோ, மிளகா!" என்று சேலையைச் செருகிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டாள். அங்கே வெயில் மண்டையைப் பிளந்தது. காயப்போட்ட மிளகாய் சருகாகக் கிடந்தது. இறங்கி வந்து அண்ணாச்சியைத் திட்டித் தீர்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "காது கேக்குதுல்ல தாயி?" என்றார்.

காது போனபிறகு மழை வந்ததே தெரியாமல் இரண்டு முறை மிளகாயை நனையவிட்டவள் அவள். அன்று சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் முழுசாகப் பார்த்தாள். நான் எங்கே படத்தைப் பார்த்தேன்!

அண்ணாச்சியின் அடக்கம் முடிந்து வந்து, குளித்துவிட்டு உட்கார்ந்தோம். "அண்ணன் போட்ட மழையைப் போடுங்க" என்றாள் செல்வி. போட்டேன். கேட்டுக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்துக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன்.

"நிக்கலையே" என்றாள்.

"நிப்பாட்டிட்டேன் செல்வி."

தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஏங்க, இது நெச மழைங்க!"

இருவரும் மாடிக்கு ஓடினோம். காலையில் காயப்போட்டு மறந்த மிளகாய் அத்தனையும் மிதந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அள்ளவில்லை. நனைந்தபடியே வானத்தைப் பார்த்துச் சொன்னாள்: "மிளகா கெடக்குதுண்ணே. கேட்டுச்சு, நல்லாக் கேட்டுச்சு. நீங்க போயிட்டு வாங்க."